கீழாநெல்லியும் அதன் உறவுச் செடிகளும்: வேறுபாடு அறிவது எப்படி?

நம் தோட்டப்புறங்களில் கீழாநெல்லியை அறியாத குடும்பம் இல்லை எனலாம். லயங்களின் முற்றத்திலும், கால்வாய் ஓரத்திலும், பால்மர நிரைகளின் விளிம்பிலும், பூச்சட்டிகளிலும் கூட இது தானே முளைக்கிறது. கண் மஞ்சளித்தது என்றதும் மூத்தோர் முதலில் தேடுவது இச்செடியைத்தான். ஆயினும் கீழாநெல்லி எனப் பறிக்கப்படுவன எல்லாம் ஒரே செடி அல்ல. தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்த பல செடிகள் அப்பெயரில் வழங்குகின்றன. அவற்றைப் பிரித்தறியும் முறையையும், அவ்வாறு அறிவது ஏன் தேவை என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

மூன்று மொழிகள், ஒரே காட்சி

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில் மூன்று இனத்தாரின் மருந்துக் கடைகளும் நடந்து செல்லும் தொலைவிற்குள் அமைந்துள்ளன. லிட்டில் இந்தியாப் பகுதியின் நாட்டு மருந்துக் கடையில் இச்செடியைக் கேட்பவர் ‘கீழாநெல்லி’ என்கிறார். மலாய்க்காரர் ‘டுக்கோங் அனாக்’ என்கிறார். பிள்ளையைச் சுமத்தல் என்பது அதன் பொருள். சீனர் ‘யெ சியா சூ’ என்கிறார். இலையின் கீழ் உள்ள முத்து என்பது அதன் பொருள். இலை வரிசையின் அடியில் சிறு காய்கள் அணிவகுத்துத் தொங்கும் காட்சியே மூன்று பெயர்களுக்கும் காரணம் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஆனால் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. சீன மருத்துவ நூல்கள் ‘யெ சியா சூ’ எனச் சிறப்பாகக் குறிப்பது பில்லாந்தஸ் யூரினாரியா என்னும் செடியை. தமிழர் பெரும்பாலும் கீழாநெல்லி எனக் கொள்வது பில்லாந்தஸ் அமாரஸ் என்னும் செடியை. மலாய்ப் பெயரோ இரண்டிற்கும் பொதுவாக வழங்குகிறது. எனவே ஒரு மொழியின் பெயரை மற்றொரு மொழிக்கு மாற்றிக் கேட்டு வாங்குவோர் கையில் வேறு செடி வந்து சேரக்கூடும். கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்வதற்கில்லை. பெயர்தான் வழி தவறச் செய்கிறது.

அறிஞர்களையும் குழப்பிய பெயர்

இக்குழப்பம் பாமர மக்களுக்கு மட்டும் உரியதன்று. 17-ஆம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சுக்காரர்களின் ஆளுநராக இருந்த வான் ரீட் தொகுத்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ என்னும் பெருநூலில், நம் கீழாநெல்லி என்னும் பெயரே ‘கிர்கநெல்லி’ என உருமாறி இடம் பெற்றது. 1753-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், பில்லாந்தஸ் நிரூரி என ஒரு செடிக்குப் பெயரிட்டார். அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இந்தியாவிலும் மலாயாவிலும் கண்ட கீழாநெல்லிகளுக்கெல்லாம் அப்பெயரையே நூல்கள் சூட்டி வந்தன.

1950-களில் கிராடி வெப்ஸ்டர் என்னும் அமெரிக்கத் தாவரவியலார் இவ்வினத்தை விரிவாக ஆராய்ந்தார். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி என்பதும், ஆசியாவில் அப்பெயரில் வழங்கியவை அமாரஸ், டெபிலிஸ், பிரட்டேர்னஸ் முதலிய வேறு செடிகள் என்பதும் தெளிவாயின. அமாரஸ் என்னும் பெயர் மேற்கு ஆப்பிரிக்காவில் சேகரித்த செடியை வைத்து 1827-இல் வெளியிடப்பட்டது; கசப்பானது என்பது அதன் பொருள். டெபிலிஸ் என்னும் பெயரோ நம் தமிழ்நாட்டுத் தரங்கம்பாடியோடு தொடர்புடையது. அங்கே மிஷன் மருத்துவராக இருந்த கிளைன் என்பவர் அனுப்பிய செடிகளே அதற்கு அடிப்படை. இன்றும் சில மருந்துப் பொட்டலங்களில் ‘நிரூரி’ என அச்சிட்டிருப்பதைக் காணலாம். அது பழைய பெயரின் எச்சம். உள்ளே இருப்பது எது என்பதற்குச் சான்றாகாது.

பால்மரத்தின் பழைய உறவு

கீழாநெல்லியையும் நாம் சீவும் ரப்பர் மரத்தையும் தாவர நூல்கள் நெடுங்காலம் ஒரே குடும்பத்தில், அதாவது ஆமணக்குக் குடும்பத்தில், வைத்திருந்தன என்பது நம் தோட்டத் தொழிலாளருக்கு வியப்பளிக்கலாம். இரண்டின் காய்களும் மூன்று அறைகள் உடையவை; முற்றியதும் வெடித்துச் சிதறுபவை. ரப்பர்க் காயின் ஒவ்வோர் அறையிலும் ஒரு விதை உண்டு, ஆக மூன்று. கீழாநெல்லிக் காயின் ஒவ்வோர் அறையிலும் இரண்டு விதைகள் உண்டு, ஆக ஆறு. இவ்வேறுபாட்டையும் மரபணு ஆய்வுகளையும் கொண்டு, பிற்காலத்தில் அறிஞர்கள் கீழாநெல்லியைத் தனிக் குடும்பமாகப் பிரித்தனர். நெல்லி மரமும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மலாக்கா நகருக்குப் பெயர் தந்ததாக வழங்கப்படும் ‘மெலாக்கா’ மரம் நம் பெருநெல்லிதான்.

பால்மரம் சீவும் கைகளுக்கு எளிதான ஒரு சோதனை இங்கே கிடைக்கிறது. ஐயத்திற்குரிய செடியின் தண்டைக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளைப் பால் கசிந்தால் அது கீழாநெல்லி அன்று. அம்மான் பச்சரிசி போன்ற செடிகள் இச்சோதனையில் உடனே விலகிவிடும்.

இலையா, கிளையா?

அடுத்த சோதனையும் எளிதே. கீழாநெல்லியைத் தொலைவிலிருந்து பார்ப்போருக்கு, புளியிலையைப் போலவோ தொட்டாற்சிணுங்கி இலையைப் போலவோ ஒரே காம்பில் பல சிற்றிலைகள் அடுக்கியிருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது கூட்டிலை அன்று; அது ஒரு மெல்லிய கிளை. அதன்மேல் உள்ளவை தனித்தனி இலைகள். இதனை எவ்வாறு அறிவது? கிளையைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வோர் இலையின் அடியிலும் பூவோ காயோ இருக்கும். புளி, அகத்தி, தொட்டாற்சிணுங்கி ஆகியவற்றின் சிற்றிலைகளின் அடியில் ஒருபோதும் பூ தோன்றாது. பூவும் காயும் இல்லாத இளஞ்செடியைப் பறிக்காமல், காய்க்கும் வரை விட்டுவைப்பதே அறிவுடைமை.

மூன்று செடிகளின் அடையாளங்கள்

நம் நாட்டுத் தோட்டங்களில் மிகுதியாகக் குழப்பம் விளைவிப்பவை மூன்று. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, பில்லாந்தஸ் அமாரஸ். நாம் பொதுவாகக் கீழாநெல்லி என்பது இதையே. இது ஒன்று முதல் இரண்டு சாண் உயரம் வளரும் பசுமையான செடி. இலைகள் சிறியவை, ஏறத்தாழ அரை முதல் ஒரு சென்டிமீட்டர் நீளமும், மழுங்கிய வட்டமான நுனியும் கொண்டவை. இலை விளிம்பு வழுவழுப்பானது. காய்கள் வழவழப்பாக, கண்ணுக்குத் தெரியும் சிறு காம்பில் தொங்கும். பூவைக் கவனித்தால் அதில் ஐந்து இதழ்கள் காணப்படும். கிளையின் பெரும்பகுதியில் ஒவ்வோர் இலையடியிலும் ஆண் பூ ஒன்றும் பெண் பூ ஒன்றும் இணையாக அமைந்திருக்கும். இவ்விணை அமைப்பு இதன் சிறப்படையாளம். விதையின் முதுகில் நீளவாக்கில் கோடுகள் ஓடும்.

இரண்டாவது, பில்லாந்தஸ் யூரினாரியா. இதனைச் சிவப்புக் கீழாநெல்லி என்பர். தண்டும் கிளையும் பெரும்பாலும் செந்நிறம் பெற்றிருக்கும். இலைகள் சற்றுப் பெரியவை, நீள்சதுரமானவை. இலையின் அடிப்புற விளிம்பில் விரலை ஓட்டினால் நுண்ணிய சொரசொரப்புத் தெரியும். காய்களே இதனைத் தெளிவாகக் காட்டிக் கொடுக்கும். அவை காம்பு இல்லாதவை போலக் கிளையோடு ஒட்டி, மேற்பரப்பில் சிறு பருக்கள் நிறைந்து, பலவேளைகளில் சிவந்து காணப்படும். பூவிதழ்கள் ஆறு. பெண் பூக்கள் கிளையின் அடிப்பகுதியிலும் ஆண் பூக்கள் நுனிப்பகுதியிலும் அமையும். விதையில் கோடுகள் குறுக்குவாக்கில், படிக்கட்டுப்போல் இருக்கும்.

மூன்றாவது, பில்லாந்தஸ் டெபிலிஸ். பச்சைத் தண்டும், காம்புள்ள வழவழப்பான காயும் கொண்டிருப்பதால், முதலாவதோடு மிக எளிதில் மயங்குவது இதுவே. ஆனால் இதன் இலைகள் ஒடுக்கமானவை, இருமுனையும் கூர்மையானவை. பூவிதழ்கள் ஐந்தல்ல, ஆறு. ஆண் பூக்கள் கிளையின் அடிப்பகுதியிலும் பெண் பூக்கள் அதற்கு அப்பாலும் தனித்தனியே இருக்கும், இணையாக அமைவதில்லை.

நினைவில் வைக்கச் சுருக்கம் இது: காயில் பரு இருந்தால் யூரினாரியா. காய் வழவழப்பாகவும் இலை நுனி வட்டமாகவும் இதழ் ஐந்தாகவும் இருந்தால் அமாரஸ். காய் வழவழப்பாகவும் இலை கூராகவும் இதழ் ஆறாகவும் இருந்தால் டெபிலிஸ். நிறத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லலாகாது. நிலத்தையும் வெயிலையும் பொறுத்து நிறம் மாறக்கூடும். காய் ஒரு மிளகைவிடச் சிறியது ஆதலின், பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று இருப்பின் வேலை எளிதாகும்.

உலர்ந்த கட்டாகக் கடையில் வாங்குவோருக்கு நிறமும் இலையும் பயன்படா. பொட்டலத்தின் அடியில் உதிர்ந்து கிடக்கும் காய்த் தோலையும் விதையையும் வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தால், பருவும் குறுக்குக் கோடும் உண்மையைச் சொல்லிவிடும்.

அரிய உறவுகள்

இவ்வினத்தில் எங்கும் மண்டிக் கிடக்கும் களைகளும் உண்டு. உலகில் ஒரு சிறு பகுதியில் மட்டுமே வாழும் அரிய செடிகளும் உண்டு. கேரளத்துக் கோழிக்கோட்டின் பெயரைத் தாங்கிய பில்லாந்தஸ் கோழிக்கோடியானஸ் தென்னிந்தியாவிற்குரிய சிறு செடி. தோற்றத்தில் கீழாநெல்லியை ஒத்தது. நம் தீபகற்ப மலேசியாவிற்கே உரிய பில்லாந்தஸ் வாட்சோனி, ஜொகூர்-பகாங் எல்லையின் எண்டாவ் ஆற்றுப் பகுதியில் கரைப் பாறைகளை ஒட்டி வளர்வது. கீழாநெல்லியைப் போன்ற ஓராண்டுச் செடியாக அன்றி, கட்டைத்தண்டு கொண்ட குறுஞ்செடியாக அது நிற்கும்.

முற்றத்துக் கீழாநெல்லியைப் பத்துப் பேர் பறித்தாலும் அடுத்த மழையில் மீண்டும் முளைக்கும். ஓர் ஆற்றங்கரையில் மட்டும் வாழும் செடியை வேரோடு பிடுங்கினால் அதற்கு மாற்றிடம் இல்லை. ஆதலால் காட்டிலும் ஆற்றோரத்திலும் நமக்குப் பழக்கமில்லாத ‘நெல்லிச் செடி’யைக் கண்டால், கண்டு மகிழ்ந்து விட்டுவிடுவதே முறை. பினாங்குத் தீவில் உள்ளோர் 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் பொறுப்பில் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்காவுக்குச் சென்று, செடிகளைப் பறிக்காமல் உற்றுநோக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டலாம். தண்ணீர்மலைக்குத் தைப்பூசத்தன்று செல்லும் நம்மவர்க்கு அவ்விடம் புதிதன்று.

வேறுபாடு அறிவதால் என்ன பயன்?

‘எல்லாம் நெல்லி வகைதானே, எதைத் தின்றால் என்ன?’ என்று சிலர் கேட்கலாம். செடிகளின் உள்ளடக்கம் ஒன்றாக இல்லை என்பதே விடை. ஈரலுக்கு நலம் செய்யக்கூடும் என ஆய்வாளர் கருதிய பில்லாந்தின் என்னும் பொருள் அமாரஸ் செடியில் மிகுதியாகவும், யூரினாரியா, டெபிலிஸ் ஆகியவற்றில் மிகக் குறைவாகவோ இல்லாமலோ காணப்பட்டது. தென்னிந்தியாவில் 25 மருந்துச் சரக்குக் கடைகளில் மாதிரிகள் வாங்கி ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 76 விழுக்காடு மாதிரிகளில் அமாரஸ் செடியே முதன்மையாக இருந்தது. எஞ்சிய 24 விழுக்காட்டில் வேறு ஐந்து வகைகள் கண்டறியப்பட்டன. தாயகத்திலேயே நான்கில் ஒரு பங்குக் கலப்பு எனில், மூன்று மொழிப் பெயர்கள் மயங்கும் நம் நாட்டில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

சரியான செடியைக் கண்டுவிட்டால் காமாலை தீர்ந்துவிடுமா? இதற்கும் ஆய்வு விடை தருகிறது. ஹெப்பாடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜனும் சேர்ந்து நடத்திய ஆய்வு 1988-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. கிருமியை உடலில் சுமந்த 37 பேர் அமாரஸ் தூளை 30 நாள் உட்கொண்டனர். 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்றுத்தூள் உட்கொண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. உலகமே இதனை வியந்து நோக்கியது. ஆனால் தாய்லாந்தில் நடந்த ஆய்வுகளில் அந்நற்பயன் கிடைக்கவில்லை. பல ஆய்வுகளையும் ஒருங்கே சீர்தூக்கி 2011-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, இச்செடி இந்நோயைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என முடிவு கூறியது. ஆகவே கீழாநெல்லியை மருத்துவ மனைக்கு மாற்றாகக் கொள்ளுதல் கூடாது.

காமாலை ஒரு நோயன்று, ஓர் அறிகுறி

இது நாம் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்தி. கண்ணும் தோலும் மஞ்சளிப்பது பல நோய்களின் பொது அறிகுறி. ஈரலழற்சிக் கிருமிகள், பித்தக் கல், மது, சில மருந்துகள், புற்றுநோய் ஆகிய எதனாலும் அது வரலாம். அவற்றுள் நம் தோட்டத் தொழிலாளர்க்கு நெருக்கமானது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும், காலில் உள்ள வெட்டுக்காயத்தின் வழியே நோயை உடலில் புகுத்துகின்றன. மலாயாவில் 1920-களிலேயே கண்டறியப்பட்ட இந்நோய், மலேசியாவில் 2010 முதல் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்று. கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் தசைவலி, கண் சிவத்தல் ஆகியவை முதலில் தோன்றும். முற்றிய பின்னரே காமாலையும், சிறுநீர் குறைதலும் வரும். தொடக்கத்தில் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் குணமடைவர். அந்த நாள்களைச் சாறு குடித்துக் காத்திருப்பதில் கழித்தால் சிறுநீரகமே செயலிழக்கக்கூடும்.

பிறந்த குழந்தை மஞ்சளித்தால் எந்தச் சாறும் கொடுக்கலாகாது. உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மிகுந்த காமாலை குழந்தையின் மூளையைத் தாக்கும். நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு 1989 முதல் ஹெப்பாடைடிஸ் பி தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. அதற்கு முன் பிறந்தோர் ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நன்று.

‘பச்சிலைதானே, தீங்கு என்ன?’ என்னும் எண்ணமும் திருத்தத்தக்கது. நம் வீடுகளில் சமைத்து உண்ணும் ‘செக்கூர் மானிஸ்’ கீரை கீழாநெல்லியின் நெருங்கிய உறவு. அதன் கிளையிலும் காய்கள் இலையடியில் தொங்கும். அளவோடு சமைத்துண்போர்க்கு அது நல்ல கீரை. ஆனால் 1990-களின் நடுவில் தைவானில் உடல் மெலிய வேண்டிப் பலர் அதன் பச்சைச் சாற்றை நாள்தோறும் பருகினர். அவர்களுள் பலருக்கு நுரையீரல் மீளாச் சேதம் அடைந்தது, சிலர் உயிரிழந்தனர். சமைப்பதா, பச்சையாகப் பருகுவதா, எவ்வளவு, எத்தனை நாள் என்பவை எந்தச் செடிக்கும் முக்கியமானவை.

பறிக்கும் இடத்தில் கவனம்

நிரைகளிலும் சாலையோரங்களிலும் களைக்கொல்லி தெளிக்கப்படுகிறது. பாராகுவாட் மருந்து 2020 சனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. எனினும் கிளைபோசேட் போன்ற வேறு களைக்கொல்லிகள் உண்டு. அவை தெளிக்கப்பட்ட செடி உடனே கருகுவதில்லை. பல நாள்கள் பச்சையாகவே நிற்கும். பசுமையாக இருப்பதால் அது தூயது எனக் கருதிப் பறிப்பது ஆபத்து. ஆதலால் நிரையிலும் கால்வாயிலும் பறிப்பதைத் தவிர்த்து, மேலே கூறிய அடையாளங்களால் சரிபார்த்த ஒரு செடியை வீட்டுத் தொட்டியில் வளர்த்துக்கொள்ளலாம். விதை உதிர்ந்து அது தானே பெருகும்.

பொட்டலமாக வாங்குவோர், மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரத்தில் பதிவு பெற்ற ‘மால்’ எண் அதில் உள்ளதா எனப் பார்த்து வாங்க வேண்டும். நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருந்து உண்போரும், கருவுற்ற தாய்மாரும் எந்த மூலிகையையும் தொடங்குமுன் மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும். ஏற்கெனவே உட்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் கூற வேண்டும். இயன்றால் அச்செடியின் காய்த்த கிளை ஒன்றையும் உடன் கொண்டு செல்லலாம்.

நம் முன்னோர் தந்த செடியறிவு போற்றத்தக்கது. இலையைத் திருப்பிப் பார்த்து அதன் கீழுள்ள நெல்லியைக் கண்டு பெயரிட்டவர்கள் அவர்கள். நாமும் அவ்வாறே திருப்பிப் பார்ப்போம், இதழை எண்ணுவோம், காயைத் தடவிப் பார்ப்போம், இந்த அறிவைப் பிள்ளைகளுக்கும் கற்பிப்போம். காய்ச்சலோடு கண் மஞ்சளித்தால் மட்டும் செடியைத் தேடி நிற்காமல் அன்றே மருத்துவ மனைக்குச் செல்வோம்.